இல்லாத நீலத் தொப்பி

நாற்காலியைத் துணியால் ஒரு தட்டு தட்டித் துடைத்துவிட்டு, “உட்காருங்கம்மா” என்றார் அந்த சப்-இன்ஸ்பெக்டர்.

போலீஸ் ஸ்டேஷனில் எனக்காக ஒருவர் நாற்காலி துடைப்பார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. சாய்ந்து உட்காரக் கூச்சமாக இருந்தது. நுனியில் உட்கார்ந்தேன். வெளியே ஐப்பசி மழை பெய்து ஓய்ந்திருந்தது. உள்ளே ஈரச் செருப்பு வாடை. ஒரு போலீஸ்காரர் டீ கொண்டுவந்து வைத்தார். டம்ளர் சுட்டது. முந்தானையால் பிடித்துக்கொண்டேன்.

“சுகர் இருக்குல்லம்மா உங்களுக்கு? சர்க்கரை இல்லாம போடச் சொன்னேன்.”

“ஆமாங்க” என்றேன்.

எனக்கு சுகர் கிடையாது. அவ்வளவு அக்கறையாகக் கேட்கிறவரிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? கசக்கக் கசக்கப் பாதி குடித்தேன்.

என் மகன் பாலு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். சப்-இன்ஸ்பெக்டர் தன் செல்போனை எடுத்து, விரலால் தள்ளித் தள்ளி, ஒரு போட்டோவை என் பக்கம் திருப்பினார். முப்பது வயசு இருக்கும் அந்த ஆளுக்கு. வாராத தலை. கட்டம் போட்ட சட்டை. தூக்கம் கெட்ட கண்.

“பயப்படாம சொல்லுங்கம்மா. ஆளைப் பிடிச்சாச்சு. உங்க சங்கிலியை அறுத்தது இவன்தானே?”

பழகிய வார்த்தை நாக்கு நுனிக்கு வந்து நின்றது.

அதைச் சொன்னேனா இல்லையா என்பதற்கு முன்னால், அந்த வார்த்தையின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் நேர் வழியில் நடந்து பழக்கமில்லாதவள் என்பது இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் ஒரே பதில்

நான் துறையூர்ப் பக்கம் பிறந்தவள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அந்த ஐந்து வகுப்பிலும் வாத்தியார் “புரிஞ்சுதா?” என்று கேட்டால், “புரிஞ்சுதுங்க சார்!” என்று ஓடு அதிரக் கத்துவோம். புரியவில்லை என்று ஒரே ஒரு தடவை சொன்ன கோவிந்தம்மாள், அன்றைக்கு மத்தியான மணி அடிக்கும்வரை வெயிலில் நின்றாள். அதைப் பார்த்து நாங்கள் படித்த பாடம், கணக்குப் பாடத்தைவிட நன்றாக மனசில் நின்றுவிட்டது.

கல்யாணமாகி வந்த வீட்டில் மாமியார், “வயிறு நிறைஞ்சுதா?” என்பார். “ஆமாங்க அத்தை.” அரை வயிறுதான் நிறைந்திருக்கும். டாக்டர், “மாத்திரையை ஒழுங்கா போடுறீங்கல்ல?” என்பார். “ஆமாங்க.” ஒருமுறை பஸ்ஸில் கண்டக்டர், “மண்ணச்சநல்லூர்தானே?” என்று கேட்டுக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்துவிட்டார். திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகவேண்டிய நான், மண்ணச்சநல்லூரில் இறங்கி, ரைஸ் மில் தவிட்டு வாடையில் நின்று அடுத்த பஸ் ஏறினேன்.

மரியாதைப்பட்டவர்கள் கேட்டால் ஆமாம் என்பது எங்கள் வளர்ப்பு. இல்லை என்றால் எதிர்த்துப் பேசியதாக ஆகிவிடும். தெரியாது என்றால் கேட்டவருக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்.

கல்யாணமான புதுசில் எங்க வீட்டுக்காரர் என்னை முக்கொம்பு அணைக்குக் கூட்டிப்போனார். மதகு வழியாகத் தண்ணீர் இறங்குகிற இடத்தில் நின்றோம். நுரை பொங்கித் தூவானம் முகத்தில் அடித்தது. எனக்கு அந்த இடத்தை விட்டு நகர மனசே இல்லை.

“உனக்கு அலுத்துப் போயிருக்கும். கிளம்பலாமா?” என்றார்.

“ஆமாங்க” என்றேன். கிளம்பிவிட்டோம்.

நல்ல மனுஷர். இன்னும் கொஞ்ச நேரம் என்று வாய் திறந்திருந்தால் இருட்டும்வரை நின்றிருப்பார். அவருக்கும் அங்கே நிற்க ஆசை இருந்ததா? அதுவும் எனக்குத் தெரியாது. அவர் கேட்டது என்னை. நான் திருப்பிச் சொன்னது அவர் கேள்வியையே.

கீரை ஆய்ந்த நாள்

எங்க வீட்டுக்காரர் காலமான பிறகு பாலு என்னை ஸ்ரீரங்கத்துக்கே அழைத்துவந்து வைத்துக்கொண்டான். மூன்றாவது மாடி வீடு. ஜன்னலைத் திறந்தால் தென்னை மட்டைகளுக்கு மேலே ராஜகோபுரத்தின் கலசங்கள் மட்டும் தெரியும். பாலுவுக்கு மருந்து கம்பெனி வேலை. வாரத்தில் பாதி நாள் வெளியூர். வீட்டில் நானும் மருமகள் சுகந்தியும்தான்.

சுகந்தி கல்யாணத்துக்கு முன்பே சைக்காலஜியில் டிகிரி வாங்கியவள். ஒருநாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, தரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அத்தை, நான் மறுபடியும் படிக்கப் போகலாம்னு இருக்கேன். யுனிவர்சிட்டியில ரெண்டு வருஷம். உங்களுக்குச் சம்மதம்தானே?”

“ஆமாம்மா” என்றேன்.

என்ன படிப்பு என்றுகூட நான் கேட்கவில்லை. அவள் கீரைக் காம்போடு சேர்த்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேர் கையிலும் பச்சை வாடை.

பிறகுதான் தெரிந்தது, அது தடயவியல் உளவியல் என்று. குற்றம் செய்தவர், அதைப் பார்த்தவர், அதனால் அடிபட்டவர், இவர்களுடைய மனசெல்லாம் எப்படி வேலை செய்கிறது, போலீஸும் கோர்ட்டும் அதை எப்படிப் புரிந்துகொள்ளவேண்டும் என்கிற படிப்பாம். எனக்கு விளங்கவைக்க அவளுக்கு இரண்டு வேளைச் சமையல் நேரம் ஆனது.

சேதி துறையூருக்குப் போய், என் நாத்தனார் மல்லிகா போன் போட்டாள்.

“ஏன் அண்ணி, மருமக மறுபடியும் படிக்கிறாளாமே. பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா, ஜெயிலுக்கா?”

“ரெண்டுக்கும் நடுவுல ஏதோ, மல்லிகா.”

“நடுவுல என்ன இருக்கு?”

“நாமதான் இருக்கோமாம். சுகந்தி சொல்றா.”

மல்லிகா போனை வைத்துவிட்டாள்.

நீலத் தொப்பி

முதல் வருஷத்தில் சுகந்திக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். வயசான ஒருவருக்குச் சின்ன வீடியோ ஒன்றைக் காட்டவேண்டும். மறுநாள் அவரைச் சாட்சி மாதிரி உட்காரவைத்து, பார்த்ததைக் கேட்டு எழுதவேண்டும். வயசான ஆள் வீட்டிலேயே இருக்கும்போது அவள் வேறு எங்கே போய்த் தேடுவாள்?

வீடியோவில் ஒரு பஸ் ஸ்டாண்டு. ஒரு பெண் பெஞ்சில் பையை வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டில் வாங்கப் போகிறாள். ஒரு ஆள் வந்து பையைத் தூக்கிக்கொண்டு போகிறான். அவ்வளவுதான்.

மறுநாள் காபி குடித்த கையோடு சுகந்தி எதிரே உட்கார்ந்தாள். முதலில் பொதுவாகச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

“அந்த ஆள் தொப்பி போட்டிருந்தான் இல்லையா அத்தை?”

“ஆமாம்மா.”

“என்ன கலர்?”

“நீலம்.”

“எப்படிப்பட்ட தொப்பி?”

“கிரிக்கெட் ஆடுறவங்க போடுவாங்களே, முன்னாடி நீட்டிக்கிட்டு. கொஞ்சம் வெளுத்துப்போயிருந்துச்சு.”

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். லேப்டாப்பைத் திறந்து அதே வீடியோவை மறுபடி ஓட்டினாள். அந்த ஆள் தலையில் ஒன்றுமே இல்லை. உச்சியில் வழுக்கை. வெயில் பட்டு அது மின்னியது.

நான் பொய் சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். பொய் சொல்லவில்லையே! அவள் தொப்பி என்று சொல்கிறவரைக்கும் அவன் தலை எப்படி இருந்தது என்று என் நினைவில் இல்லை. அவள் சொன்னதும் தொப்பி வந்து உட்கார்ந்துகொண்டது. வெளுத்த நீலம், விளிம்பில் அழுக்கு. வழுக்கையை இரண்டு தடவை பார்த்த பிறகும், கண்ணை மூடினால் எனக்குத் தொப்பிதான் தெரிந்தது.

“உன் பாடத்தைக் கெடுத்துட்டேனாம்மா?”

“இல்லத்தை. கடைசியில கொஞ்சம் கேள்வியை வேணும்னே அப்படிக் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தாங்க மேடம். கேள்விக்குள்ளயே பதிலை வச்சு நீட்டினா, சாட்சி அதை எடுத்துக்குவாங்க. நானா இருந்தாலும் எடுத்துக்குவேன். எங்க கிளாஸ்ல ஒருத்தி இல்லாத குடையைப் பார்த்திருக்கா.”

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

“அத்தை, அன்னிக்குக் கீரை ஆயறப்ப நான் படிக்கப் போகலாமான்னு கேட்டேன். உங்களுக்குச் சம்மதம்தானேன்னு கேட்டேன். நீங்க ஆமான்னீங்க.”

காலி டம்ளரை நகர்த்தி வைத்தேன்.

“அதுவும் தொப்பிதானா அத்தை?”

குக்கர் விசில் அடித்தது. எழுந்துபோய் அடுப்பை அணைத்தேன். தேவையில்லாமல் மேடையைத் துடைத்தேன். நான் திரும்பி வந்தபோது அவள் லேப்டாப்பை மூடியிருந்தாள். அந்தக் கேள்வியை அவள் மறுபடி கேட்கவில்லை.

நொண்டி யானை

அன்றைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசுகிற விதம் மாறிவிட்டது. முன்பெல்லாம், “சாம்பார் நல்லா இருக்குதானே அத்தை?” என்று கேட்பாள். நான் ஆமாம்மா என்பேன். இப்போது, “சாம்பார் எப்படி இருக்கு அத்தை?” என்று கேட்டுவிட்டுக் கரண்டியோடு நிற்பாள். எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

“இருக்கும்மா” என்பேன்.

“இருக்கிறது தெரியுது அத்தை. எப்படி இருக்கு?”

“சாம்பார் மாதிரிதான் இருக்கு.”

இதற்குமேல் என்னிடமிருந்து ஒன்றும் பெயராது. வேறு வழியில் வந்தாள். வேலை மும்முரத்தில் இருக்கும்போது திடீரென்று கேட்பாள், “நேத்து நம்ம வீட்டுக்கு வந்த யானை எந்தக் கால்ல நொண்டுச்சு அத்தை?”

முதல் தடவை நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பாதிக் காதில் வாங்கி, “பின்னங்கால்மா” என்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்து, துருவல் தரையெல்லாம் சிந்தியது. மூன்றாவது மாடிக்கு யானை எப்படி வரும்?

பிறகு தினமும் ஒன்று. குளியலறையில் முதலை, மொட்டைமாடியில் மயில், மீசையே வைக்காத பாலுவுக்கு மீசை. கொஞ்சம் கொஞ்சமாக என் வாய் திரும்பியது. “யானை வரலைம்மா.” “நான் பார்க்கலை.” “தெரியலை.” இந்தக் கடைசி வார்த்தைதான் கஷ்டம். அதைச் சொல்லும்போதெல்லாம் கோவிந்தம்மாள் நின்ற வெயில் என் முதுகில் சுட்டது.

ஒருநாள் என்னை யுனிவர்சிட்டிக்கே கூட்டிப்போனாள். அவளுடைய மேடம் வகுப்பில் சாட்சியை விசாரித்துக் காட்டப் போகிறார்களாம், சாட்சியாக நான் வரவேண்டுமாம். சத்திரத்தில் பஸ் மாறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியெல்லாம் மணிபர்ஸ் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினேன்.

வகுப்பறையில் பினாயில் வாடை. பெஞ்சில் யார் யாரோ பேனாவால் பெயர் எழுதி வைத்திருந்தார்கள். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு நான் உட்கார்ந்த பெஞ்சு அதுதான். பிள்ளைகள் எல்லாரும் எழுந்து, “வணக்கம்மா” என்றார்கள். எனக்கு வணக்கம் சொல்லவும் கை எழவில்லை.

வீடியோவைக் காட்டிய பிறகு அந்த மேடம் எனக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். மெதுவாகப் பேசினார்கள்.

“அம்மா, நான் கேட்கிறேங்கிறதுக்காக எல்லாத்துக்கும் உங்ககிட்ட பதில் இருக்கணும்னு இல்லை. பார்த்தது நீங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் தப்பா சொன்னா, தப்புன்னு சொல்லுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. அதுவும் எங்களுக்குப் பதில்தான்.”

எவ்வளவோ படித்தவர்கள், எனக்கு ஒண்ணும் தெரியாது என்று என்னிடம் சொல்கிறார்கள்.

“அந்தப் பொண்ணோட புடவை பத்தி என்ன ஞாபகம் இருக்கும்மா?”

யோசித்தேன். பின்னால் சுகந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

“தெரியலைங்க” என்றேன்.

யாரும் என்னை வெயிலுக்கு அனுப்பவில்லை. மேடம் தலையசைத்து, “சரிங்கம்மா” என்று அடுத்ததற்குப் போனார்கள். கேன்டீனில் பிள்ளைகள் எனக்கு வாழைக்காய் பஜ்ஜி வாங்கித் தந்தார்கள். இரண்டாவது பஜ்ஜி வேணுமா என்று கேட்டபோது, வேணும் என்று சொன்னேன். அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அறுந்த சங்கிலி

சுகந்தி இரண்டாவது வருஷம் படிக்கும்போது அது நடந்தது. வெள்ளிக்கிழமை காலை. ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற சந்தில் திரும்பினேன். பின்னால் பைக் சத்தம். ஒதுங்கினேன். கழுத்தில் ஒரு கை, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. சுரீரென்று இழுத்தது. மல்லிகை கையை விட்டுப் போய் சேற்றில் விழுந்தது. பெட்ரோல் வாடை. இரண்டு பேரோடு பைக் போய்விட்டது.

சங்கிலி பெரிய கனமில்லை. ஆனால் எங்க வீட்டுக்காரர் போன பிறகு தாலிக்கொடியை அழித்துச் செய்தது. அவர் கட்டிய தங்கம் கழுத்தைவிட்டு இறங்கவேண்டாம் என்று பாலுதான் செய்யவைத்தான். குளிக்கும்போதுகூட நான் கழற்றியதில்லை.

பாலுவும் நானும் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். கொஞ்ச நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு சுகந்திக்கு செமஸ்டர் பரீட்சை. “போய்ட்டு வாங்க அத்தை” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு எதையும் சொல்லி அனுப்பக்கூடாது என்று அவள் நினைத்திருக்கவேண்டும்.

ஸ்டேஷன் வாசல் படியில் ஒரு பெண் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஏற வசதியாகக் காலை மடக்கிக்கொண்டாள்.

“உள்ள போறீங்களாம்மா? எங்க வீட்டுக்காரரை ராத்திரி கூட்டியாந்தாங்க. சங்கிலி அறுத்தாருன்னு சொல்றாங்க. சாப்பாடு உள்ள விடுவாங்களான்னு கேட்டுச் சொல்றீங்களா?”

அந்தச் சங்கிலி என்னுடையது என்று அவளுக்குத் தெரியாது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனேன்.

“இவன்தானே?”

இப்போது அந்த நாற்காலிக்குத் திரும்புகிறேன்.

எந்த ஸ்டேஷன் என்று எழுதப்போவதில்லை. அந்த சப்-இன்ஸ்பெக்டர் என்னை மரியாதையாக நடத்தினார். என் சங்கிலிக்காக மழையில் அலைந்திருக்கிறார். நாற்காலி துடைத்திருக்கிறார், டீ வாங்கித் தந்திருக்கிறார். அவர் போட்டோவை நீட்டி, இவன்தானே என்கிறார். ஆமாங்க என்று சொல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய நன்றிகெட்டதனம் என்று என் வளர்ப்பு முழுக்க என்னைப் பிடித்துத் தள்ளியது.

கண்ணை மூடினேன். சந்து தெரிந்தது. பைக் தெரிந்தது. பின்சீட்டில் இருந்தவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அதே வாராத தலை. அதே தூக்கம் கெட்ட கண். அதே கட்டம் போட்ட சட்டை. அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது.

பைக்கில் இருந்தவன் திரும்பிப் பார்க்கவே இல்லையே!

தொப்பி வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

“தெரியலைங்க” என்றேன்.

“நல்லா பாருங்கம்மா. அவசரமில்லை.”

“தெரியலைங்க.”

“ஏற்கெனவே ஒரு கேஸ்ல இருந்தவன்மா இவன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா நாங்க மேல போகலாம். நகையும் கைக்கு வரும்.”

பாலு குனிந்து என் காதருகே சொன்னான். “அம்மா, அப்பா கட்டின தாலி அது. சார் இவ்வளவு தூரம் சொல்றாருல்ல. சொல்லிரும்மா.”

என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. நகம் கீறின இடம் இன்னும் எரிந்தது. சங்கிலி வேண்டும். யாருக்குத்தான் வேண்டாம்? ஒரு வார்த்தைதான். அறுபது வருஷமாகச் சும்மாவே சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை. வாசலில் ஒருத்தி சாப்பாடு ஆறிப்போகிறதே என்று உட்கார்ந்திருக்கிறாள்.

“நான் பார்த்தது முழங்கைங்க. மணிக்கட்டுல கறுப்புக் கயிறு கட்டியிருந்துச்சு. முகத்தைப் பார்க்கலை. இவரா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியலைங்க. தெரியாம சொல்லக்கூடாதுங்க.”

வெளியாள் ஒருவரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. கடைசிவரை சொல்லிவிட்டேன்.

அவர் போனைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தார்.

“சரிங்கம்மா. பார்த்ததை மட்டும் எழுதிக்கிறேன்.”

எழுதினார். படித்துக் காட்டினார். முழங்கை, கறுப்புக் கயிறு, முகத்தைப் பார்க்கவில்லை. எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டேன்.

“டீ ஆறிப்போச்சு போல. வேற சொல்லவாம்மா?”

“சர்க்கரை போட்டுச் சொல்லுங்க. எனக்கு சுகர் இல்லைங்க.”

“பின்ன ஏம்மா முன்னாடி ஆமான்னீங்க?” என்று சிரித்துவிட்டார்.

கிளம்பும்போது இன்னொன்றும் கேட்டேன். “வாசல்ல ஒரு பொண்ணு சாப்பாடு வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்குங்க.” அவர் ஒரு போலீஸ்காரரைப் பார்த்தார். அந்தப் போலீஸ்காரர் எழுந்து வெளியே போனார்.

இன்றைக்குக் கேளு

பாலு சாவியைத் திருகிய வேகத்திலேயே அவன் கோபம் தெரிந்தது. நான் வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மல்லிகா போனில், “ஒரு ஆமா சொல்ல வலிச்சுதா அண்ணி? ஊர்ல எல்லாத்துக்கும் சொன்னீங்க!” என்றாள். அவள் சொன்னது நிஜம்தான்.

சுகந்தி சாயங்காலம் பரீட்சை முடிந்து வந்தாள். பாலு கதவைத் திறந்ததுமே, “உன் படிப்பால வந்தது” என்றான். அவள் பையை வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து, என் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“என்ன நடந்துச்சு அத்தை? உங்க பாட்டுக்குச் சொல்லுங்க. நான் நடுவுல பேச மாட்டேன்.”

சொன்னேன். நாற்காலியிலிருந்து சொன்னேன். கசப்பு டீ, போட்டோ, திரும்பாத முகம் திரும்பிப் பார்த்தது, வாசல் படி, டிபன் கேரியர். நடுவில் அழுகை வந்து நிறுத்தினேன். அவள் காத்திருந்தாள். அப்புறம் சங்கிலியைப் பற்றிச் சொன்னேன். அதிலிருந்து எங்க வீட்டுக்காரர், முக்கொம்பு, மதகுத் தண்ணீர் என்று எங்கேயோ போய்விட்டேன். அவள் பாதியில் கேட்டு நிறுத்தவில்லை, நான் சொல்லாததை அவளாகச் சொல்லி முடிக்கவில்லை, அதெல்லாம் விடுங்க என்று சொல்லவில்லை. நான் பேசி முடிக்கிறவரைக்கும் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. அதை அந்தப் படிப்புதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததா, அவள் குணமே அதுதானா, தெரியவில்லை. எதற்கு நன்றி சொல்வது என்றும் தெரியாததால் இரண்டுக்குமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பாலு மெதுவாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். “முக்கொம்புக்கு ஞாயித்துக்கிழமை போலாமாம்மா?” என்றான்.

“போலாம். ஆனா நான் சொன்னாத்தான் கிளம்பணும்.”

சங்கிலி இன்றுவரை வரவில்லை. அந்த ஆள்தான் அறுத்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வேறு சாட்சி கிடைத்ததா, விட்டுவிட்டார்களா, அதுவும் தெரியாது. அவர்தான் என்றால் வேறு வழியில் அது தெரியட்டும். என் கண்ணில் வந்து உட்கார்ந்த தொப்பியால் தெரியவேண்டாம்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிட உட்கார்ந்தோம். சுகந்தி சாதத்தில் சாம்பாரை ஊற்றிவிட்டு, வழக்கம்போலக் கரண்டியோடு நின்றாள்.

“சாம்பார் எப்படி இருக்கு அத்தை?”

ஒரு வாய் சாப்பிட்டேன். இன்னொரு வாய் சாப்பிட்டேன்.

“புளி தூக்கலா இருக்கும்மா.”

“இன்னிக்கா?”

“நீ வந்த நாள்லேருந்தே.”

பாலுவுக்குப் புரையேறிவிட்டது. சுகந்தி சுவரில் சாய்ந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். எதையோ கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள். அது எது என்று எனக்குத் தெரிந்தது. குக்கர் விசிலில் நான் விட்டுவிட்டுப் போன கேள்வி.

“அதுவும் தொப்பிதான் சுகந்தி” என்றேன். “அன்னிக்கு வாய்ப் பழக்கத்துல சொன்னேன். நீ என்ன கேட்டேன்னுகூட யோசிக்கலை. ஏதோ என் வாய்ப் பழக்கம் அன்னிக்கு ஒரு நல்ல வேலை பண்ணியிருக்கு.”

அவள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“இன்னிக்குக் கேளு.”

இந்தப் படிப்பு முடிந்ததும் ஆராய்ச்சிக்குச் சேரச் சொல்லி மேடம் அவளிடம் சொல்லியிருப்பதும், இன்னும் எத்தனை வருஷம் என்று பயந்து வீட்டில் அவள் பேச்சே எடுக்காமல் இருப்பதும் எனக்குத் தெரியும். மூன்றாவது மாடிச் சின்ன வீட்டில் எதையும் மறைக்க முடியாது.

சுகந்தி தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். கேள்விக்குள் ஒன்றும் வைக்காமல் கேட்டாள்.

“மேடம் என்னை மேல படிக்கச் சொல்றாங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க அத்தை?”

நான் அவசரப்படவில்லை. எந்தக் கேள்விக்கும் அவ்வளவு நேரம் நான் யோசித்ததில்லை. அவளும் காத்திருந்தாள்.

“படி” என்றேன்.

பிறகு ரசத்தை ஊற்றச் சொன்னேன்.